பஸ்ஸுல விட்டுட்டுப் போன மீனு

ஒரு ஊர்ல ஒரு பஸ்ஸு. அந்த பஸ்ல ஒரு கண்டக்டர். அந்தக் கண்டக்டருக்குக் கால்ல சக்கரம்.

நெஜ சக்கரம் இல்லடா, சும்மா சொல்றதுதான். நின்ன எடத்துல ஒரு நிமிஷம் நிக்க மாட்டாரு. நீ மொதல்ல கால ஆட்டாம படு. போர்வையெல்லாம் கீழ போவுது பாரு. ம் கொட்டு. நீ ம் நிறுத்துனா அத்தையும் நிறுத்திருவேன்.

அவரு பேரு இருதயராஜ். முசிறியில ஏத்துனா திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுற வண்டி. காலையில ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை. இவங்க வண்டிக்குப் பின்னாடியே பத்து நிமிஷத்துல இன்னொரு வண்டி வரும். அது முந்திருமோ, முந்திருமோன்னு இவருக்கு வயித்துக்குள்ள எப்பவும் ஒரு பூன பிராண்டிக்கிட்டே இருக்கும். வாயில இருந்து விசில எடுக்கவே மாட்டாரு. பீப்! ஏறு ஏறு. பீப் பீப்! எறங்கு எறங்கு. வீடு திருச்சியிலதான். வீட்டுக்கு வந்தாலும் நின்னுகிட்டேதான் சோறு திம்பாரு. அவரு வீட்டுக்காரம்மா சலேத் மேரி சொல்லும், "ஏங்க, தட்டு எங்கயும் ஓடிப் போவாது. ஒக்காருங்க." ஒக்காருவாரு. ரெண்டு வாய் வைப்பாரு. மறுபடி எந்திரிச்சிருவாரு.

அப்போ ஒரு திங்கக்கெழம, முசிறியில ஒரு அம்மாவும் பொண்ணும் ஏறுனாங்க. அம்மா பேரு மலர்க்கொடி. பொண்ணு பேரு சிந்துஜா, ரெட்டச் சட, உன்ன விட ஒரு வயசு பெரியவ, ஏழு இருக்கும். அந்த அம்மாவுக்கு திருச்சியில ஒரு பேக்கரியில வேல கெடச்சிருக்கு. அதனால ஊரக் காலி பண்ணிட்டு வர்றாங்க. ரெண்டு சாக்கு மூட்ட, ஒரு டிரங்குப் பொட்டி, ஒரு பிளாஸ்டிக் கொடம். அந்தப் பொண்ணு கையில மட்டும் ஒரு பாலித்தீன் பை. பைக்குள்ள தண்ணி. தண்ணிக்குள்ள...

ஆங், மீனு! எப்படிடா கண்டுபுடிச்ச?

ஃபைட்டர் மீனுன்னு சொல்லுவாங்க. ஒடம்பு உன் சுண்டுவெரல் அளவுதான். ஆனா வாலு இருக்கே, பட்டுப்பொடவ முந்தான மாதிரி விரிஞ்சு கெடக்கும். நீலத்துல செவப்பு ஓரம். அந்தப் பொண்ணு வழியெல்லாம் அதையே பாத்துகிட்டு வந்துச்சு. கொள்ளிடம் பாலம் வந்தப்போ பைய ஜன்னல் பக்கம் தூக்கிப் புடிச்சு, "பாத்தியா, எம்புட்டுத் தண்ணி"ன்னு மீனுக்குக் காமிச்சுச்சு.

அப்புறம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துச்சு. பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், பாம்! பாம்! இருதயராஜுக்கு வயித்துல பூன பிராண்ட ஆரம்பிச்சிருச்சு. "எறங்கும்மா, எறங்கும்மா! ஊரையே மூட்ட கட்டிக்கிட்டு வந்தா நான் என்ன பண்றது? சீக்கிரம்!"னு கத்துறாரு. அந்த அம்மா ஒரு மூட்டைய எறக்குது. இன்னொரு மூட்டைய எறக்குது. பொட்டிய எறக்குது. அதுக்குள்ள கொடம் கை நழுவி பஸ்ஸுக்குள்ள உருண்டு போவுது, டக டக டகன்னு. "சிந்து, கொடத்தப் புடி!"ன்னு அம்மா கத்த, அந்தப் பொண்ணு கையில இருந்த பைய சீட்டு மேல வச்சுட்டு ஓடிப் போயி கொடத்தப் புடிச்சுச்சு. கொடத்தக் கட்டிப் புடிச்சுகிட்டே எறங்குச்சு.

பீப்! வண்டி திரும்ப முசிறிக்குக் கெளம்பிருச்சு.

ம் சொல்லு.

பின்னால யாரோ கத்துற மாதிரி இருதயராஜுக்குக் கேட்டுச்சு. ஆனா பஸ் ஸ்டாண்டுல ஆயிரம் சத்தம். அவரு திரும்பிப் பாக்கல. வண்டி காவேரிப் பாலம் தாண்டுனதுக்கு அப்புறம் டிக்கெட் குடுத்துகிட்டே வர்றாரு. அங்க ஒரு பெரியவரு நின்னுகிட்டே இருக்காரு. "ஒக்காருங்கய்யா, எடம் இருக்குல்ல?"

"எங்க ஒக்காரறது? மீனுல்ல ஒக்காந்திருக்கு?"ன்னாரு அந்தப் பெரியவரு.

பாத்தா, சீட்டு மேல அந்தப் பை. உள்ள அந்த மீனு. பஸ்ஸு குலுங்குற குலுக்கல்ல தண்ணி சளக் சளக்குன்னு ஆடுது. அப்பதான் பின்னால கேட்ட சத்தம் என்ன சத்தம்னு அவருக்குப் புரிஞ்சுச்சு. "என் மீனு, என் மீனு"ன்னு ஒரு பொண்ணு கத்துன சத்தம்.

அப்புறம் அடுத்த நடையில சத்திரத்துல குதிச்சு எறங்கி ஓடுனாரு. டீக்கடையில கேட்டாரு. ஆட்டோ ஸ்டாண்டுல கேட்டாரு. பூக்கடையில ஒரு அக்கா இருந்துச்சு, அதுதான் சொல்லுச்சு. "ஆமாண்ணே, மூட்டையோட ஒரு அம்மா நின்னாங்க. அந்தப் புள்ள பஸ்ஸு பின்னாடியே ஓடிச்சு. அப்புறம் தரையில ஒக்காந்து அழுதுச்சு. எங்க போனாங்கன்னு தெரியலியே."

அன்னிக்கு வீட்டுக்கு வந்தவரு தட்டுல கையே வைக்கல. சலேத் மேரி கேட்டுச்சு, "என்னங்க?" அவரு பைய நீட்டுனாரு. "ஒரு புள்ளையோட மீனு. நான் கத்துன கத்துல விட்டுட்டுப் போயிருச்சு. அது வர்ற வரைக்கும் இத உசுரோட வச்சிருக்கணும் சலேத்து."

சலேத் மேரி ஒரு பெரிய கண்ணாடி பாட்டில எடுத்து, பையில இருந்த தண்ணியோட மீன அதுல ஊத்துச்சு. மீனு பாட்டிலுக்குள்ள சுத்துது. இந்தப் பக்கம் போவுது, கண்ணாடியில மூக்கு முட்டுது, டிக். அந்தப் பக்கம் போவுது, டிக். திரும்பக்கூட எடமில்ல பாவம்.

"இதுல எத்தன நாளு கெடக்கும்? தொட்டி வேணும், இப்பவே வேணும்"னு இருதயராஜு மாடிக்கு ஓடுனாரு. மாடி வீட்டுல ரெஜினா டீச்சர்னு ஒருத்தங்க. அவங்க மொட்டமாடியில ஒரு பழைய கண்ணாடித் தொட்டி கெடந்துச்சு. டீச்சர் சொன்னாங்க, "ஆறு வருஷமா வெயில்ல கெடக்கு. துணிக் கிளிப்பு போட்டு வச்சிருக்கேன். வேணும்னா எடுத்துக்குங்க. ஆனா நல்லாக் கழுவிக்குங்க." தொட்டி எப்படி இருந்துச்சு தெரியுமா? சுத்தி வெள்ள வெள்ளையா உப்புக் கற. மூலையில செலந்தி வீடு. அடியில காஞ்சு போன பாசி, அப்பளம் மாதிரி.

இருதயராஜு என்ன பண்ணாரு? துணி தொவைக்கிற சோப்புப் பொடி எடுத்தாரு. ரெண்டு கையி அள்ளிப் போட்டாரு. சர்ரு சர்ருன்னு தேச்சாரு. பொசு பொசுன்னு நொர. ரெண்டு தடவ அலசுனாரு. தொட்டி பளபளன்னு ஆயிருச்சு. "ஆச்சு!"ன்னாரு. கொழாயத் தொறந்து தண்ணிய ரொப்புனாரு. சலேத் மேரி, "கொஞ்சம் பொறுங்க, யாரையாச்சும் கேட்டுகிட்டு..."ன்னு சொல்றதுக்குள்ள, மீன வடிகட்டியில புடிச்சு உள்ள விட்டுட்டாரு. ப்ளக்!

மொதல்ல மீனு சும்மா நின்னுச்சு. அப்புறம் வெடுக்குன்னு ஒரு ஓட்டம். இந்த மூலைக்கு ஓடுது, அந்த மூலைக்கு ஓடுது. அப்புறம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. அப்புறம்... அப்படியே ஒரு பக்கமா சாஞ்சிருச்சு.

இல்லடா, சாவல. இரு. அழுவாத.

சலேத் மேரி அந்தப் பாட்டில் தண்ணியக் கொட்டாம வச்சிருந்துச்சு. பாஞ்சு போயி வடிகட்டியில மீன அள்ளி பாட்டில்ல விட்டுருச்சு. மீனு பொத்துன்னு அடியில போயி படுத்துருச்சு. வாலு சுருங்கிப் போச்சு, நனைஞ்ச பூ மாதிரி. இருதயராஜு பக்கத்துல குனிஞ்சாரு. "போயிருச்சா?"

அந்த அம்மா பாட்டில்கிட்ட கண்ண வச்சுப் பாத்துச்சு. "செவுள் ஆடுதுங்க. லேசா ஆடுது."

அப்போ அவரு செருப்பக்கூட மாட்டாம ஓடுனாரு. ரெண்டு தெரு தள்ளி ஷம்ஷாத் அக்கான்னு ஒருத்தங்க, வீட்டுல வளக்குற மீனெல்லாம் விக்கிற கட வச்சிருந்தாங்க. கட நெறைய தொட்டி, பொட பொடன்னு காத்து கொப்பளிக்கும். இவரு மூச்சு வாங்க நின்னாரு. நடந்தது எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னாரு.

"எதப் போட்டுண்ணே கழுவுனீங்க?"

"சோப்புப் பொடி."

அந்த அக்கா கண்ண மூடித் தொறந்தாங்க. "மீன் தொட்டியில சோப்பு படவே கூடாதுண்ணே. நம்ம கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கிட்டிருக்கும். மீனு தண்ணிக்குள்ளதான மூச்சு விடணும்? அந்த சோப்பு நேரா செவுள்ல போயி எரியும்."

"இப்ப என்ன பண்றது? சொல்லுங்க, உடனே பண்ணிடுறேன்."

"உடனே பண்றதுக்கு ஒண்ணும் இல்லண்ணே"ன்னாங்க அக்கா. "மீனு பாட்டில்லயே இருக்கட்டும். ஒரு வாளியில தண்ணி புடிச்சு ஒரு நாளு தொறந்து வைங்க. அந்தத் தண்ணியில தெனம் கொஞ்சம் மாத்துங்க. தொட்டிய கல்லு உப்பு போட்டுத் தேயுங்க. புது நாரு வாங்கிக்குங்க, பாத்திரம் தேய்க்கிற நாரு வேண்டாம். வெள்ளக் கறைக்கு வினிகர் தடவி ஊற வைங்க. அப்புறம் வெறும் தண்ணி. அலசுங்க, கொட்டுங்க, மறுபடி அலசுங்க. தேச்சா நொர ஒரு துளி வரக்கூடாது. வெயில்ல நல்லா காய வைங்க. அதுக்கப்புறம் தண்ணி ரொப்பி ரெண்டு நாளு சும்மா வைங்க. ஒழுவுதான்னு பாக்கணும்ல?"

"ரெண்டு நாளா! ஒரு மணி நேரம் வச்சுப் பாத்தா பத்தாது?"

"ரெண்டு நாளு"ன்னாங்க அந்த அக்கா.

அப்புறம் அவரு தேச்சாரு. கல்லு உப்பு கரகரன்னு உள்ளங்கையி எரியத் தேச்சாரு. அலசுனாரு. ஏழு தடவ அலசி, எட்டாவது தடவ கைய விட்டுக் கலக்குனாரு. ஓரத்துல ஒரே ஒரு முட்ட மொளைச்சுச்சு, இத்துனூண்டு நொர முட்ட. "இன்னும் இருக்குங்க"ன்னுச்சு சலேத் மேரி. மறுபடி கொட்டுனாரு. பதினோராவது தடவ முட்ட வரல. மொட்டமாடியில வெயில்ல கவுத்து வச்சாரு. வேலைக்குப் போனாலும் மனசு மொட்டமாடியிலயே கெடக்கு. காக்கா எச்சம் போட்டுருமோ, பூன ஏறிருமோன்னு.

மறுநாளு சாயங்காலம் கூடத்துல பழைய பேப்பர விரிச்சு, அது மேல தொட்டிய வச்சு தண்ணி ரொப்புனாங்க. கீழ விரிச்ச பேப்பர தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. காஞ்சிருக்கு. கால் மணி கழிச்சுத் தொடுறாரு. காஞ்சிருக்கு. சலேத் மேரி சொல்லுச்சு, "நீங்க தொட்டுத் தொட்டே பேப்பர் ஓட்டையாயிரும்."

ஒரு நாளு ஆச்சு. ஒண்ணுமில்ல. "பாத்தியா, ஒழுவல. மீன விட்டுருவோமா?"

"அக்கா ரெண்டு நாளுன்னாங்க."

மறுநாளு மத்தியானம் நட முடிஞ்சு சாப்பிட வர்றாரு. வாசல்லயே கேக்குது. சொட். கொஞ்ச நேரம் கழிச்சு, சொட். ஓடிப் போயிப் பாத்தா தொட்டியோட ஒரு மூலையில பேப்பர் நனைஞ்சு கருப்பாயிருச்சு.

இருதயராஜுக்கு அழுவ வருது. பாட்டில்ல மீனு எப்படி இருக்கு தெரியுமா? மூணு நாளா சரியாத் திங்கல. போட்ட தீனி அப்படியே மெதக்குது. மேல வந்து ஒரு வாய் காத்து குடிக்கும், மறுபடி அடியில போயி ஒக்காந்துக்கும். அவரு சொன்னாரு, "இம்புட்டூண்டு ஒழுக்குதான சலேத்து? கீழ ஒரு தட்டு வச்சுக்கலாம். மீனு மொதல்ல பெரிய தண்ணிக்கு வரட்டும்."

சலேத் மேரி ஒண்ணும் கோவப்படல. மெதுவாத்தான் சொல்லுச்சு. "வச்சுக்கலாம். நீங்க பஸ்ல இருப்பீங்க. நான் சந்தைக்குப் போயிருப்பேன். அந்த மூலை விட்டுப் போயி தண்ணியெல்லாம் வடிஞ்சிருச்சுன்னா, அந்த மீனு யாரக் கூப்புடும்?"

அவரு பாட்டிலப் பாத்தாரு. மீனு யாரக் கூப்புடும்?

ம்... முழிச்சுகிட்டுதான இருக்க? சரி.

அப்புறம் கண்ணாடி ஒட்டுற பசை வாங்க ஓடுனாரு. கடக்காரரு ஒரு டியூப எடுத்துக் குடுத்தாரு. தொறந்து ஒட்டப் போற நேரம், என்னமோ மனசுக்குள்ள உறுத்துச்சு. டியூபோட ஷம்ஷாத் அக்கா கடைக்குப் போயிக் காமிச்சாரு. அக்கா திருப்பிப் பாத்தாங்க. "நல்ல வேள வந்தீங்க. இது குளியலறைக்குப் போடுறது. பூசணம் வராம இருக்க மருந்து கலந்திருக்கு. பூசணத்தக் கொல்ற மருந்து மீன சும்மா விடுமா?" மருந்து கலக்காத பசைய அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. "பழைய பசைய பிளேடால சொரண்டி எடுத்துட்டு ஒட்டுங்க. பழசு மேல புதுசு ஒட்டாது. வாட போற வரைக்கும் காயணும்."

"எத்தன நாளு?"

அந்த அக்கா ரெண்டு வெரலக் காமிச்சாங்க. அவரு தலையில அடிச்சுகிட்டாரு.

அப்போ பஸ்ல என்ன நடக்குதுங்குற? சத்திரம் வந்தா இவரு எறங்கி நிப்பாரு. வர்ற புள்ளைங்க மொகத்தையெல்லாம் பாப்பாரு. ரெட்டச் சட போட்ட புள்ளையப் பாத்தா பின்னாடியே நாலடி போவாரு. அது வேற புள்ளையா இருக்கும். டிரைவர் உள்ள இருந்து கத்துவாரு, "யோவ் இருதயம், வண்டிய எடுக்கவா வேண்டாமா? விசில முழுங்கிட்டியா?" பின்னாடி வண்டி முந்திப் போயிரும். போவட்டும். பூன இப்ப அதுக்குப் பிராண்டல. அந்தப் புள்ள வந்து கேட்டா என்ன சொல்றது? இருக்குன்னு சொல்றதா, போயிருச்சுன்னு சொல்றதா? அதுக்குத்தான் பிராண்டுச்சு.

பசை காஞ்சுச்சு. மூக்கு வச்சு மோந்தாரு, புளிச்ச வாட சுத்தமாப் போயிருச்சு. மறுபடி பேப்பர் விரிச்சு, மறுபடி தண்ணி ரொப்பி, மறுபடி ரெண்டு நாளு. பேப்பர் முறுக்கு மாதிரி மொறுமொறுன்னு காஞ்சே கெடந்துச்சு. அந்தத் தண்ணியக் கொட்டி தொட்டிய அலசுனாங்க. இனிமே நல்ல தண்ணி புடிச்சு மீன விட வேண்டியதுதான்.

அன்னிக்குக் காலையில மீனு மேல வரவே இல்ல. பாட்டிலத் தட்டுனா லேசா ஒரு ரெக்கை மட்டும் ஆடுது. "இன்னிக்கு விடலன்னா இந்தப் பாட்டில்லயே முடிஞ்சிரும்"னாரு இருதயராஜு. கொழாயத் தொறந்தாரு. ஜோன்னு தண்ணி கொட்டுது. தொட்டி ரொம்புது. ஒரு கையில பாட்டில எடுத்துட்டாரு. சலேத் மேரி பக்கத்துல நிக்குது, தடுக்கல. அதுக்கும் அந்த மீனப் பாத்தாப் பாவமா இருக்கு.

பாட்டில சாய்க்கப் போனவரு, நிறுத்துனாரு.

"என்னங்க?"

"ஒரு வாசன வருது."

குனிஞ்சு தொட்டித் தண்ணிய மோந்தாரு. அன்னிக்குன்னு பாத்து கொழாத் தண்ணியில பிளீச்சிங் பொடி வாசன கும்முன்னு அடிக்குது. மழக்காலம் வருதுன்னு ஊருத் தண்ணித் தொட்டியில அதிகமாக் கலக்கியிருக்காங்க. நமக்கு நல்லதுதான், கிருமி சாவும். ஆனா மீனுக்கு?

இருதயராஜுக்கு ஒரு காலு முன்னாடி போவுது, ஒரு காலு பின்னாடி வருது. விட்டா தண்ணி கொல்லும். விடலன்னா பாட்டில் கொல்லும். அப்படியே நின்னாரு. அப்புறம் மெதுவா பாட்டிலக் கீழ வச்சாரு. அது பக்கத்துலயே தரையில ஒக்காந்துட்டாரு.

"சலேத்து, இந்த வாசன போற வரைக்கும் தொட்டித் தண்ணி தொறந்தே கெடக்கட்டும். நான் இன்னிக்கு வேலைக்குப் போவல. போன் பண்ணிச் சொல்லிரு."

அன்னிக்கெல்லாம் ஒக்காந்தே இருந்தாருடா. கால்ல சக்கரம் கட்டுன மனுஷன்! அது எப்படி ஒக்காந்தாருங்குற? முட்டி ஆடிக்கிட்டே இருக்கு, வெரல் தரையில தாளம் போட்டுக்கிட்டே இருக்கு. ஆனா எந்திரிக்கல. ஒரு மணிக்கொருக்கா வாளியில தொறந்து வச்ச பழைய தண்ணிய ஒரு டம்ளர் மொண்டு, பாட்டில்ல மெதுவா ஊத்துறாரு. கெட்ட தண்ணிய ஒரு டம்ளர் எடுக்குறாரு. மறுநாளும் அதே. சலேத் மேரி ஷம்ஷாத் அக்காகிட்டப் போயிட்டு வந்துச்சு. அக்கா தன்னோட தொட்டியில இருந்து ஒரு பிடி கூழாங்கல்லும், வேரோட ஒரு பச்சச் செடியும் குடுத்து விட்டாங்க. "இந்தக் கல்லுல நல்ல கிருமி ஒட்டியிருக்கு. புதுத் தண்ணி கெட்டுப் போவாமப் பாத்துக்கும்"னு சொன்னாங்களாம்.

மூணாம் நாளு காலையில தொட்டித் தண்ணிய மோந்தாரு. வாசன இல்ல. சலேத் மேரிய மோந்து பாக்கச் சொன்னாரு. இல்ல. மாடியில இருந்து ரெஜினா டீச்சரக் கூட்டிட்டு வந்து மோந்து பாக்கச் சொன்னாரு. அவங்களும் இல்லன்னாங்க.

அப்போ கல்லையும் செடியையும் தொட்டிக்குள்ள வச்சாங்க. மீன ஒரு பையில விட்டு, பையத் தொட்டித் தண்ணியில மெதக்க விட்டாங்க. உள்ள இருக்குற தண்ணியும் வெளிய இருக்குற தண்ணியும் ஒரே சூடு ஆவணும்ல? அப்புறம் தொட்டித் தண்ணி ஒரு கரண்டி பைக்குள்ள. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு கரண்டி. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் பைய லேசா சாய்ச்சாங்க.

மீனு வெளிய வந்துச்சு. வந்து செடி அடியில போயி நின்னுகிச்சு. நிக்குது. நிக்குது. மூணு பேரும் மூச்சு விடாமப் பாக்குறாங்க.

அப்புறம் ஒரு நெளி நெளிஞ்சுச்சு. சர்ருன்னு மேல வந்து ஒரு வாய் காத்து குடிச்சுச்சு. ப்ளப்! அப்புறம் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஒரே நீச்சு. திரும்பறப்போ அந்த வால விரிச்சுச்சு பாரு, முழு முந்தானையும்! சலேத் மேரி, "ஏசுவே"ன்னு நெஞ்சுல கைய வச்சுகிச்சு. இருதயராஜு சட்டையால மொகத்தத் தொடச்சுகிட்டு அடுப்பாங்கரப் பக்கம் போயிட்டாரு.

ஆனா கத முடியலடா. மீனு யாரோடது?

ம். அந்தப் புள்ளையோடது.

ஒரு வாரம் ஆச்சு. ஒரு நாளு சாயங்காலம் சத்திரத்துல எறங்குறாரு, பூக்கடக்கார அக்கா கையக் கையக் காட்டுது. "அண்ணே! இவ்வளவு நாளு அந்தப் புள்ளையத் தேடுனீங்களே, இதோ! மூணாவது தடவையா வந்து நிக்கிதுங்க. நீங்க வண்டியில இல்லாத நேரமாப் பாத்து வந்துட்டுப் போயிருக்குங்க."

திரும்பிப் பாத்தா, ஸ்கூல் யூனிபார்ம்ல அந்தப் பொண்ணு. பக்கத்துல அம்மா. அந்தப் பொண்ணு இவரப் பாத்ததும் அம்மா பின்னாடி ஒளிஞ்சுகிச்சு. "இவருதாம்மா கத்துனவரு"ன்னு மெதுவா சொல்லுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு, ஆனா இவருக்குக் கேட்டுருச்சு.

இருதயராஜு அப்படியே அந்தத் தரையில முட்டி போட்டாரு, அது மொகத்துக்கு நேரா. "ஆமா தங்கம். நான்தான் கத்துனேன். ஒன் மீனு எங்க வீட்டுல இருக்கு."

அந்தப் பொண்ணு அம்மா பின்னால இருந்து எட்டிப் பாத்துச்சு. அப்புறம் ஒரே ஒரு வார்த்த கேட்டுச்சு. "உசுரோடவா?"

அவரு தலைய மட்டும் ஆட்டுனாரு. ஆட்டிக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. அந்தப் பொண்ணு செருப்ப வாசல்ல ஒண்ணு, கூடத்துல ஒண்ணு கழட்டிப் போட்டுட்டு ஓடிச்சு. கண்ணாடியில மூக்க ஒட்ட வச்சு நின்னுச்சு. மீனும் வந்து அந்தப் பக்கம் மூக்க வச்சுச்சு. ரெண்டும் பேசிக்குச்சுங்க, என்ன பேசுச்சுங்களோ.

இருதயராஜு பக்கத்துல போயி ஒக்காந்தாரு. மனசுல வச்சுக்க முடியல அவரால. "பாப்பா, நான் ஒண்ணு சொல்லணும். நான் அவசரப்பட்டு இத சோப்புத் தண்ணியில விட்டுட்டேன். அன்னிக்கே செத்திருக்கும். எங்க வீட்டுக்காரம்மாதான் காப்பாத்துச்சு."

அந்தப் பொண்ணு திரும்பி அவர ஏற எறங்கப் பாத்துச்சு. யோசிச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சு, "நான் ஒரு தடவ இதுக்கு டீ குடுத்தேன் மாமா. பிஸ்கட்டோட. அப்பவும் சாவப் பாத்துச்சு. அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

அம்மா பின்னாலதான் நிக்கிது! எல்லாருக்கும் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுகிட்டே சலேத் மேரி உள்ள போயிருச்சு. ஏன்னா அதுக்கு அழுகையும் வந்துச்சு. இத்தன நாளா தெனம் காலையில கதவத் தொறந்ததும் அந்த மீனோடதான் அது பேசிகிட்டிருந்துச்சு. புள்ள இல்லாத வீடு.

மலர்க்கொடி தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு, "அண்ணே, எங்களுக்கு ஒத்த ரூமுதான். தொட்டியெல்லாம் எங்க வைக்கிறது? மீனு இங்கயே..."ன்னு. பொண்ணு மொகம் சுருங்கிப் போச்சு. ஆனா அடம் புடிக்கல. ஒதட்ட மட்டும் கடிச்சுகிச்சு.

சலேத் மேரி உள்ள இருந்து வந்துச்சு. மொகம் கழுவிட்டு வந்துச்சு. "ஜன்னல் ஓரமா ஒரு மேச போட எடம் இருக்குமில்ல? வெயிலு நேரா படக்கூடாது, அவ்வளவுதான். மீனு புள்ளையோடது. புள்ளகிட்டதான் இருக்கணும்"னுச்சு. சொல்லிட்டு, அதுவே பாட்டில எடுத்து, அதுவே மீனப் புடிச்சுச்சு.

அப்புறம் ஊர்வலம்! தொட்டித் தண்ணியில பாதிய ரெண்டு வாளியில மொண்டு வச்சுகிட்டாங்க, அந்தப் பழகுன தண்ணியக் கொட்டக் கூடாதுல்ல? ஆட்டோவுல இருதயராஜு மடியில தொட்டி, சலேத் மேரி மடியில பாட்டிலு, மலர்க்கொடி காலுக்கு நடுவுல வாளி. "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க"ன்னு ஆட்டோக்காரர இருதயராஜு விடவே இல்ல. அவரு ஒண்ணும் மாறிடலடா, பஸ்ல மறுநாளும் விசில் அடிச்சுகிட்டேதான் இருந்தாரு. மனுஷங்க அப்படியெல்லாம் ரெண்டு மூணு வாரத்துல மாற மாட்டாங்க. ஆனா யாராச்சும் மூட்டையோட எறங்குனா, அவரே ஒரு மூட்டையத் தூக்கிக் குடுப்பாரு. அப்புறம் சீட்டெல்லாம் ஒரு தடவ பாப்பாரு.

மாடியில அந்த ஒத்த ரூமு. ஜன்னல் ஓரமா மேச. தொட்டி வச்சு, தண்ணி ஊத்தி, கல்லு போட்டு, செடி வச்சு, பையில மெதக்க விட்டு, கரண்டி கரண்டியா ஊத்தி எல்லாம் ஆச்சு. மேல ஒரு வலைத்துணிய மூடிக் கட்டுனாங்க, ஃபைட்டர் துள்ளி வெளிய வந்துரும்ல? மீனு செடி அடியில போயி நின்னுகிச்சு.

"வர்றோம்மா"ன்னு ரெண்டு பேரும் எறங்குனாங்க. சலேத் மேரி கையில காலிப் பாட்டிலு. தெருவுக்கு வந்துட்டாங்க.

அப்போ மேல இருந்து தட தட தடன்னு காலு சத்தம். செருப்பு இல்லாம ஓடி வருது சிந்துஜா. மூச்சு வாங்குது. சலேத் மேரி பொடவையப் புடிச்சுகிச்சு. "அத்த, அடுத்த ஞாயித்துக்கெழம தண்ணி மாத்தணும்ல? எனக்கு மாத்தத் தெரியாது. நீங்க வரணும்."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமே, இப்பதான சொல்லிக் குடுத்தேன்?"

"அம்மாவுக்கும் தெரியாது"ன்னுச்சு அது, கண்ண நேராப் பாத்து. "அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையும் தெரியாது."

சலேத் மேரி குனிஞ்சு அந்தப் புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுகிச்சு. ஏழு வயசுப் புள்ள, காலு ரெண்டும் சலேத் மேரி முழங்காலு வரைக்கும் தொங்குது. வச்சுகிட்டே மேல ஏறிப் போயிருச்சு. இருதயராஜு கீழ தெருவுலயே நின்னாரு. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆவட்டும்னு நின்னாரு.

ம்?

ம் காணுமே. சரி. கதையும் படுத்துருச்சு, மீனும் படுத்துருச்சு. நீயும் தூங்குடா கண்ணு.